வீடியோ போட்டால் மட்டும் விழுந்த ப்ரவுசர்: கடைசியில் பிடிபட்டது ஒரு ரேம் துண்டு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டு டெஸ்க்டாப்பில் வீடியோ இப்போது நிற்காமல் ஓடுகிறது. 1080பி தரத்தில், முழுத்திரையில், பக்கத்தில் நாலு டேப் திறந்திருந்தாலும் ஓடுகிறது. ப்ரவுசர் விழுவதற்குக் காரணமாக இருந்தது ப்ரவுசரும் இல்லை, இணைய இணைப்பும் இல்லை. கெட்டுப்போன ஒரு 4 ஜிபி ரேம், அதாவது ஓடும் வேலைகளைக் கணினி அப்போதைக்கு வைத்துக்கொள்ளும் நினைவகம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் சுற்றிய சுற்று பெரியது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு அந்தச் சுற்று மிச்சமாகட்டும் என்று, நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் மெஷின் விவரம். இன்டெல் 4-ஆம் தலைமுறை ஐ5 4570, எச்81 மதர்போர்டு, 4 + 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் எச்டி 4600 தான் படம் காட்டுகிறது. கோயமுத்தூரில் செகண்ட்ஹேண்டாக வாங்கியது. ஒரு ரேம் அதோடு வந்தது, இன்னொன்று பிறகு சேர்த்தது. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

இதில் உட்காருவது அக்கா மகள். பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் என்ற வீடியோ வகுப்புகள் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீடியோவில் பாடம் படிப்பது பழகிவிட்டது. கணக்குப் பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். பதினைந்து இருபது நிமிடம் ஓடியதும் டேப் சாம்பல் நிறமாகி, குரோமின் அந்தச் சோக முகம் வந்துவிடும். "மாமா, மறுபடி அந்த மூஞ்சி வந்துருச்சு" என்பாள். சில சமயம் முகம்கூட வராது. ப்ரவுசர் மொத்தமாக மறைந்து டெஸ்க்டாப் தெரியும். ஓரிரு முறை படம் பச்சைக் கட்டமாக உடைந்து, அப்புறம் விழுந்தது.

ஆனால் டைப் செய்யும்போது, பிடிஎஃப் படிக்கும்போது, படம் வரையும்போது ஒன்றும் ஆகாது. வீடியோவில் மட்டும்தான். அதனால் எல்லோருக்கும் ப்ரவுசர் மேலேயே சந்தேகம்.

எளிய சோதனைகளில் தொடங்கினேன். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்காக்னிடோ ஜன்னல் திறக்கும். நாம் தனியாக அனுமதி தராதவரை எக்ஸ்டென்ஷன்கள், அதாவது ப்ரவுசரில் நாம் சேர்த்த சிறு கூடுதல் நிரல்கள், அதில் வேலை செய்யாது. அங்கேயும் விழுந்தது. ஆகவே எக்ஸ்டென்ஷன் காரணமில்லை. புதிய ப்ரொஃபைல் போட்டேன், கேஷைத் துடைத்தேன், குரோமை எடுத்துவிட்டு மறுபடி நிறுவினேன். மாற்றமில்லை.

எட்ஜில் பார்க்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். எட்ஜுக்கும் குரோமுக்கும் அடியில் இருப்பது குரோமியம் என்ற ஒரே அடிப்படை மென்பொருள், ஒரே எஞ்சின் என்பதால் அது பெரிய சோதனை ஆகாது. வேறு எஞ்சின் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ்தான். அதிலும் டேப் விழுந்தது. இரண்டு வேறு எஞ்சின்கள் ஒரே மாதிரி விழுந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில், கீழே, இருக்கிறது என்று அப்போதே முடிவு கட்டியிருக்கலாம். நான் அதைக் கிராஃபிக்ஸ் டிரைவர் (படம் காட்டும் பகுதியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஹார்டுவேர் ஆக்சிலரேஷன். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில், கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனைப் பயன்படுத்து என்ற சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டு ப்ரவுசரை மறுபடி திறந்தால், சுருக்கப்பட்டு வரும் வீடியோவை விரிக்கும் வேலை கிராஃபிக்ஸ் பகுதியிலிருந்து ப்ராசசரின் தலைக்கு மாறும். அணைத்ததும் நல்ல மாற்றம். அன்று மாலை முழுக்கப் பாடம் ஓடியது, மறுநாளும் ஓடியது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளில் சோக முகம் மறுபடி வந்தது. முன்பைவிடக் குறைவாக, ஆனால் வந்தது.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மாற்றம் செய்ததும் கோளாறு குறைந்தால் காரணம் அதுதான் என்று மனம் ஒட்டிக்கொள்கிறது. குறைவது வேறு, போவது வேறு. தனி கார்டு இல்லாத மெஷினில் கிராஃபிக்ஸும் பொது ரேமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்கிறது. 1080பி வீடியோவில் விரித்த ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 3 எம்பி பிடிக்கும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 90 எம்பிக்கு மேல் ரேமில் எழுதிப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிலரேஷனை அணைத்ததில் ரேமில் எந்த இடம் எதற்குப் போகிறது என்பது மாறியிருக்க வேண்டும். கெட்ட இடத்தை மிதிக்கும் வாய்ப்பு அதனால் குறைந்தது என்பது என் கணிப்பு.

ஆக்சிலரேஷன் இல்லாமல் ஓட்டியதில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்தால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று வரும். அதில் எந்த கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறையில்) படம் வருகிறது, எத்தனை ஃப்ரேம் விட்டுப்போனது என்று தெரியும். எங்களுக்கு விபி9 என்ற கோடெக் வந்துகொண்டிருந்தது. 4-ஆம் தலைமுறை இன்டெல்லில் எச்.264 என்ற பழைய கோடெக்கை விரிக்கத் தனி வன்பொருள் உண்டு. விபி9-க்கு அந்த முழு வசதி 7-ஆம் தலைமுறையில்தான் வந்தது. எச்264ஐஃபை போன்ற ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் எச்.264-ஆகவே அனுப்பும். 1080பிக்கு மேல் தரம் கிடைக்காது, பாடம் பார்க்க அது தாராளம். ஆக்சிலரேஷனை அணைக்காமல் வைத்திருந்தால் ப்ராசசர் வேலை நன்றாகக் குறையும். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் கோளாறு இல்லாவிட்டாலும் இதைப் போட்டுக்கொள்ளலாம். விழுவது மட்டும் நிற்கவில்லை.

சரி, டிரைவர். விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியால் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்து, இன்டெல் தளத்திலிருந்து எடுத்ததை நிறுவினேன். இதைச் செய்யும்போது நெட் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் நாம் நிறுவுவதற்குள் விண்டோஸ் அப்டேட் தன்னிடமிருக்கும் டிரைவரை உள்ளே போட்டுவிடும். பலன் இல்லை.

நடுவில் பாலக்காட்டில் ஒரு கடையில் கொடுத்தோம். ஃபார்மாட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு 600 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்த அன்று இரவே விழுந்தது. அந்தப் பணம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். மென்பொருள் பக்கத்தை ஏறக்குறைய முழுதாக நீக்கிவிட முடிந்தது.

அடுத்து பெட்டியைத் திறந்தேன். கோர் டெம்ப் என்ற வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்ததில் வீடியோ ஓடும்போது ப்ராசசர் 91 டிகிரி காட்டியது. எங்கள் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும்போது வீட்டுக்குள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய செம்மண் படிந்துவிடும். பக்கக் கதவைக் கழற்றினால் விசிறிக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி நெய்து கிடந்தது.

இந்த வேலையை நிதானமாகச் செய்ய வேண்டும். இன்டெல்லோடு வரும் விசிறிக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் திசையில் கால்வட்டம் திருப்பி மேலே இழுத்தால் விடும். இழுப்பதற்கு முன் மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, மின்சாரத்தைக் கழற்றினால் ப்ராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பேஸ்ட், காய்ந்திருந்தாலும், இளகி விசிறி சுலபமாக வரும். பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளைத் தட்டி, கைப்ளோவரால் ஊதினேன். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்றவிடக் கூடாது. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் ஒரு பயறு அளவுக்குப் புதியது வைத்தேன். பேஸ்ட் 180 ரூபாய். கால்களைத் திரும்ப மாட்டும்போது எதிரெதிர் மூலையாக, டக் என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். ஒரு கால் சரியாக உட்காராவிட்டாலும் சூடு ஏறும்.

91 டிகிரி 68-க்கு இறங்கியது. விசிறிச் சத்தமும் போனது. அக்காவுக்கு அதில் பெரிய நிம்மதி. ப்ரவுசர் மட்டும் பழையபடி விழுந்தது.

ரேமை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று கேட்கலாம். பார்த்தேன். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டினேன், பிழை எதுவும் இல்லை என்று சொன்னது. அதை நம்பி ரேமைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அந்தக் கருவி பிழை இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் அது முடிந்த முடிவல்ல. சாதாரண முறையில் அது வேகமாக முடித்துக்கொள்கிறது, அப்போதைக்கப்போது தலைகாட்டும் பிழைகள் தப்பிவிடுகின்றன.

திருப்பம் வந்தது அக்கா மகளிடமிருந்து. அவள் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற கணினி மன்றத்தின் உறுப்பினர். கேரளப் பள்ளிக் கணினிகளில் உபுண்டு அடிப்படையிலான கைட் லினக்ஸ்தான் ஓடுகிறது. "எங்க ஸ்கூல் ஓஎஸ்ஸைப் பென்டிரைவ்லயே ஓட்டலாம் மாமா, எதையும் அழிக்க வேண்டாம், போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த வேலையின் திறவுகோல்.

350 ரூபாய்க்கு ஒரு 32 ஜிபி பென்டிரைவ் வாங்கி, அதில் வென்டாய் என்ற மென்பொருளை ஏற்றினோம். வென்டாய் இருந்தால் இயங்குதளங்களின் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா காப்பி செய்து போட்டால் போதும், இடம் இருக்கும்வரை எத்தனை வேண்டுமானாலும் ஒரே டிரைவில் வைக்கலாம். கைட் லினக்ஸ் ஒன்று, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஒன்று. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்து, ஆன் செய்யும்போது பூட் மெனுவைத் திறந்து, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தோம். நிறுவாமல் நேரடியாகத் திறந்து, ஃபயர்ஃபாக்ஸில் அதே கணக்குப் பாடத்தைப் போட்டோம்.

இருபது நிமிடத்துக்குள் டேப் விழுந்தது. இரண்டாவது தடவை மெஷின் மொத்தமாக உறைந்தது.

வேறு இயங்குதளம், வேறு டிரைவர், வேறு ப்ரவுசர், எஸ்எஸ்டியைத் தொடவே இல்லை. மிச்சமிருப்பது ப்ராசசர், போர்டு, ரேம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். இவ்வளவு தெளிவான சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். ஒரு பென்டிரைவும் அரை மணி நேரமும்தான் செலவு.

இப்போது மெம்டெஸ்ட். இரண்டு ரேமும் இருக்கும்படியே ஓட்டினோம். 8 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய நிறைய நேரம் ஆகும். பாதியில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. ரேமில் ஒரே ஒரு பிழைகூட ஏற்கத்தக்கது இல்லை. எங்களுக்கு ஒரு திரை முழுக்க வந்தது.

திரையில் தெரியும் முகவரியை வைத்து எந்த ரேம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு ரேம் இரட்டைச் சேனலில் ஓடும்போது தகவல் மாற்றி மாற்றி இரண்டிலும் பரவும். ஒவ்வொன்றாகத்தான் சோதிக்க வேண்டும். மெஷினோடு வந்த ரேமைத் தனியாக முதல் ஸ்லாட்டில் போட்டோம், சுத்தம். அதையே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டோம், சுத்தம். பிறகு சேர்த்த ரேமை முதல் ஸ்லாட்டில் போட்டால் பிழை, இரண்டாவதிலும் பிழை. ஸ்லாட் இரண்டும் நல்லவை, ரேம் ஒன்று கெட்டது என்று இந்த நான்கு ஓட்டத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஸ்லாட் மாற்றிப் பார்ப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது. கெட்டது ஸ்லாட்டாக இருந்தால் புது ரேம் வாங்கியும் பயனில்லை.

தூக்கிப் போடுவதற்கு முன் பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் அதன் தங்கநிறக் கால்களை மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மறுபடி மாட்டினேன். பல மெஷின்களில் இதிலேயே சரியாகிவிடும். இதில் பிழை எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

நல்ல ரேமை மட்டும் வைத்து 4 ஜிபியில் ஓட்டிப் பார்த்தோம். கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் விழவில்லை. ஹார்டுவேர் ஆக்சிலரேஷனைத் திரும்பவும் போட்டோம், அப்போதும் விழவில்லை. அதற்கப்புறம்தான் புது ரேம் வாங்கக் கிளம்பினேன்.

டிடிஆர்3 ரேம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை உண்டு. டெஸ்க்டாப் ரேம் 13 சென்டிமீட்டருக்குச் சற்று அதிக நீளம், லேப்டாப் ரேம் 7-க்கும் குறைவு. இரண்டும் மாறிப் பொருந்தாது. வேகம் 1600 என்றால் லேபிளில் பிசி3-12800 என்று இருக்கும். ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று விற்கும் மலிவு ரேம்கள் இன்டெல் போர்டில் பெரும்பாலும் ஓடாது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமும் இதில் ஏறாது. கோயமுத்தூரில் செகண்ட்ஹேண்ட் 4 ஜிபி 650 ரூபாய்க்குக் கிடைத்தது. மெம்டெஸ்ட்டில் பிழை வந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, பில்லில் எழுதியும் வாங்கிக்கொண்டேன். வந்ததும் இரவு முழுக்க ஓட்டினேன், காலையில் பிழை பூஜ்யம்.

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. கெட்ட ரேம் வழியாக எஸ்எஸ்டிக்குப் போன எந்தக் கோப்பிலும் ஓட்டை இருக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்துச் சீராக்கும் டிஐஎஸ்எம் கருவியையும் அதன்பின் எஸ்எஃப்சி ஸ்கேனையும் ஓட்டினேன். சில சிஸ்டம் கோப்புகள் பழுதாகியிருந்ததாகவும் சரிசெய்ததாகவும் சொன்னது. அந்தக் காலத்தில் ஃபோனிலிருந்து காப்பி செய்த கல்யாணப் படங்களில் சில பாதிக்குக் கீழே சாம்பலாக இருந்தன. ஃபோனில் அசல் இருந்ததால் மறுபடி காப்பி செய்தோம். ரேம் கெட்டது தெரிந்தால் முதலில் அசல் எதையும் அழிக்காமல் வையுங்கள். இது ப்ரவுசர் விழுவதைவிடப் பெரிய ஆபத்து.

இனி இப்படி ஒரு மெஷின் கைக்கு வந்தால் என் வரிசை வேறு. இன்காக்னிடோவும் ஃபயர்ஃபாக்ஸும் பார்த்துவிட்டு, நேராகப் பென்டிரைவ் லினக்ஸ். அங்கே விழாவிட்டால் விண்டோஸும் டிரைவரும். அங்கேயும் விழுந்தால் மெம்டெஸ்ட்டை இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவேன். கூடவே விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணுள்ள பதிவுகளையும் படிப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் கோப்பின் பெயர் வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஒருமுறை ஒரு கோப்பு, அடுத்த முறை சம்பந்தமே இல்லாத வேறு கோப்பு என்று மாறிக்கொண்டே இருந்தால் ரேம். எங்கள் பதிவுகளில் பெயர்கள் மாறி மாறித்தான் இருந்தன. அதன் பொருள் பிறகுதான் விளங்கியது.

மொத்தச் செலவு 1,780 ரூபாய். ஃபார்மாட் 600, பேஸ்ட் 180, பென்டிரைவ் 350, ரேம் 650. உண்மையில் தேவைப்பட்டது கடைசி இரண்டும்தான், ஆயிரம் ரூபாய். பேஸ்ட் எப்படியும் போட வேண்டியது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 4-ஆம் தலைமுறை ப்ராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலிலும் இல்லை. அதனால் தேர்வு முடிந்ததும் இதில் கைட் லினக்ஸையே நிரந்தரமாக நிறுவலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். நிறுவுவதை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கெட்ட ரேமைப் பழைய சாமான்களோடு போடவில்லை. கட்டிங் ப்ளேயரால் இரண்டாக உடைத்துவிட்டேன். முழுதாகப் போனால் அது துடைக்கப்பட்டு வேறொரு வீட்டு மெஷினுக்குள் போய் உட்காரும்.